ஐந்தாம் கட்டம்

முப்பத்தொரு வருடம் காகிதம் செய்தேன்.
மூன்றாம் எந்திரத்தில்
ஈரக்கூழாய் நுழைந்தது
வெள்ளையாய் வெளியேறும் முனையில்
நான் நின்றேன்.
சம்பளச் சீட்டில் இட்ட கையெழுத்து தவிர
ஒரு தாளிலும் ஒன்றும் எழுதியதில்லை.

ஆலையை மூடிய இலையுதிர்காலத்தில்
தூக்கமும் என்னை வேலையைவிட்டு நீக்கியது.

சுகாதார நிலையத்துச் செவிலி
தினம் மூன்று வரி எழுதச் சொன்னாள்.
மாத்திரைக்குக் கீழே
சீட்டில் அதையும் குறித்துக் கொடுத்தாள்.
நோட்டு வாங்கினேன்.
தாளைத் தடவிப் பார்த்தேன்:
எண்பது கிராம், பூச்சில்லாதது,
எங்களுடையதல்ல.
அதற்குமேல் ஓடவில்லை.
நான்கு நாள் தேதி மட்டும் போட்டேன்.
ஐந்தாம் நாள் தேதியும் பொய்போல் இருந்தது.

ஏரிக்கரைக்குப் போனது எழுதுவதற்காக அல்ல.
கீழ்வீட்டு ஹில்க்கா
ஒரு துவாலையை என் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு
"நனையவாவது வா" என்று
படியிறங்கிப் போய்விட்டாள்.

சைமா ஏரியில் பனி முழங்கை கனம்.
அதில் சதுரமாய் அறுத்த துளை,
கறுத்த நீர், ஒரு மர ஏணி.
கழுத்துவரை இறங்கி
பத்து எண்ணி ஏறினால்
மறந்துபோன உடம்பு
தன் பெயரைத் தானே கத்துகிறது.

நீராவிக் குடிலின் வாசலில்
ஆணியில் கட்டிய பென்சிலோடு ஒரு பேரேடு.
பெயர், நாள், காற்று, நீர், குறிப்பு.
எழுதாமல் யாரும் வீடு திரும்பக் கூடாது.
"துளைக்குள் எவனாவது தங்கிவிட்டால்
வேறு எப்படித் தெரியும்?"
என்றார் தைஸ்தோ, சிரிக்காமல்.

எண்கள் எனக்கு வரும்.
காற்று மைனஸ் பதினாறு.
நீர் பூஜ்யம் புள்ளி நான்கு.
குறிப்பில் ஒரு சிறு கோடு.

மற்றவர்கள் எழுதியிருந்தார்கள்.
'முட்டி வலி. இறங்கும்போது இல்லை, ஏறும்போதுதான்.'
'மகன் கூப்பிடவில்லை. நீர் நன்று.'
'நரி ஒன்று துளையில் குடித்துப் போனது, சந்தா கட்டாமல்.'
ரூத் என்பவள் பக்கம் பக்கமாய்
ஒரே சொல்: 'வந்தேன்.'

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ
கோடு போட்ட கை அங்கேயே நிற்கவில்லை.
'நேற்று மூன்று மணிக்கு விழிப்பு'
என்று எழுதிவிட்டது.
அழிக்க ரப்பர் இல்லை.
மறுநாள் அதன் அடியில்,
வரிக்கும் வரிக்கும் நடுவே நெருக்கி,
பச்சை மையில்:
'எனக்கும். மூன்றேகால்.'

யாரென்று கேட்கவில்லை.
அன்றிரவு மூன்றேகாலுக்கு
சன்னலில் நின்றேன்.
ஊரில் எரிந்த விளக்குகள் ஏழு.
இத்தனை வருடத்தில் எண்ணியதில்லை.
எட்டாவதாய் என்னுடையதைப் போட்டேன்.

பேரேட்டில் கொள்ளாதது
வீட்டு நோட்டுக்கு வழிந்தது.
சில நாள் இரண்டு வரி.
சங்கு ஊதாத காலை ஆறு மணியைப் பற்றி
ஒருமுறை நான்கு பக்கம்.
செவிலியிடம் சொல்லவில்லை;
கணக்குக் கேட்பாள்.

மார்ச்சில் ஆறு நாள் போகவில்லை.
காரணம் என்று ஒன்றில்லை.
எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பேரேட்டைப் புரட்டினேன்.
ஆறு நாளும் என் பெயர் இருந்தது.
ஆறும் வேறு வேறு கை.
ஓர்வோ என்பதில்
ஒருவர் ஓரெழுத்தை விழுங்கியிருந்தார்.
நாள், காற்று, நீர்
எல்லாம் நிரப்பி,
குறிப்பை மட்டும்
எவரும் எனக்காக எழுதவில்லை.
ஆறு வெற்றுக் கட்டங்கள்.
இவ்வளவு வெள்ளையாய்
நாங்கள்கூட ஒருநாளும் செய்ததில்லை.

பென்சிலை எடுத்தேன். முனை மழுங்கியிருந்தது.
ஹில்க்கா கத்தியை நீட்டினாள்.
சீவி முடிக்கும்வரை
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
வெளியே ஒருவர்
இரவில் மூடிக்கொண்ட பனியை
கோடரியால் உடைத்துக்கொண்டிருந்தார்.