கியர் பாக்ஸ் வரும்வரை

கியர் பாக்ஸ் நாளைக்குத்தான் என்றான் ஆ செங்.
பிறைப் பட்டறையில் என் லாரி
குடல் வெளியே கிடக்க நின்றது.
பதினொரு வருஷம்
இக்கரையில் சரக்கிறக்கி
அக்கரை விளக்குகளைப் பார்த்தபடி
சோறு தின்றவன் நான்.
இரண்டு வெள்ளி கொடுத்து
ஃபெரியில் ஏறிவிட்டேன்.

இறங்கியதும் முதல் சிக்கல்:
நடப்பது.
தெருமுனை வந்தால் வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடுகிறது.
இருபது டன் பின்னால் வரவில்லை என்பதை
முதுகு நம்பவில்லை.

வெயிலுக்கு ஒதுங்கினால் ஐந்தடி நடைபாதை.
பேருக்குத்தான் ஐந்தடி.
எவனோ ஒருவன் தன் வாசலைச்
சாண் உயர்த்திக் கட்டியிருக்கிறான்.
அடுத்த கடைக்காரன் விடுவானா,
இன்னும் இரண்டு விரற்கடை.
மூன்றாமவனுக்குக் காசு தீர்ந்திருக்கும்,
சரேலென்று இறங்குகிறது தரை.
நூறு வருஷத்துப் போட்டி
என் முழங்காலில் வந்து முடிகிறது.
பூப்போட்ட ஓடு, பிறகு சிமெண்ட்,
பிறகு படுத்திருக்கும் பூனை, அதைச் சுற்றிப் போனால்
பிரியாணிச் சட்டி கழுவிய தண்ணீர்.

மாரியம்மன் கோயில் சாத்தியிருந்தது.
கதவில் வரிசையாய் மணிகள்.
ஒன்றை மட்டும் சுண்டிவிட்டு வந்தேன்,
தெரிந்தவர் வீட்டைத் தாண்டும்போது
ஹாரன் அடிப்பது போல.

லெபோ பாசாரில் பிடித்துக்கொண்டார்கள்
வெயிலில் வெந்து சிவந்த ஒரு ஜோடி.
சைக்கிளில் இரண்டு பிள்ளைகள்,
சுவர் ஓவியம், எங்கே?
இந்த ஊர்க்காரன் என்று
என் நெற்றியில் எழுதியிருந்ததோ என்னவோ.
தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.
லாரிக்காரன் தெரியாது என்றால்
தக்காளி அழுகிப்போகும்.
நேரே, நேரே, பிறகு இடது என்றேன்.
அவன் கையைக் குலுக்கினான்.
அவள் குடையை விரித்தாள்.

நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.
மூன்று தெரு தள்ளி
ஒரு பெரிய வரிசை, எதற்கென்று எட்டிப் பார்த்தால்
சுவருக்குள் பாதி, வெளியே பாதி ஒரு சைக்கிள்.
அதில் இரண்டு பிள்ளைகள்
என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

திரும்பினேன்.
பள்ளிவாசல் தாண்டி,
ஊதுவத்திப் புகையில் கண்ணெரியும் சீனக் கோயில் தாண்டி,
வெள்ளைத் தூண் வைத்த தேவாலயம் தாண்டி
வேகமாக,
செருப்பு கடிக்கக் கடிக்க,
இடது பக்கம் திரும்பியதும்
பாசி பிடித்த மதில்.
உள்ளே வெள்ளைக்காரர்களின் இடுகாடு.

ஈழத்தலரி மரத்தடியில்
காலணி கழற்றி வைத்து
கொய்யாத் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள் இருவரும்.
என்னைக் கண்டதும் எழுந்து,
புத்தகத்தில் இல்லாத இடத்தைக் காட்டினீர்களே,
எப்படி நன்றி சொல்வது என்றார்கள்.
சொல்லிவிடத்தான் வந்தேன்.
ஒரு துண்டு கொய்யாவை நீட்டினாள்.
அசம்போடி தடவியது.
வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகும் நின்றேன்.
கல்லில் பெயர்கள் மழையில் கரைந்து கிடந்தன.
எண்கள் மட்டும் படிக்க முடிந்தது.
கழித்துப் பார்த்தேன்: இருபத்து மூன்று.
பக்கத்தில் இருபது. அதற்கடுத்தது
வருஷமே இல்லை, பதினாலு மாதம்.
எந்தக் காய்ச்சலோ.
எனக்கு இருபத்து மூன்றில்தான்
கனரக லைசென்ஸ் கிடைத்தது.
தைப்பிங் வரைக்கும் பாடிக்கொண்டே ஓட்டினேன்.
இவனும் கப்பலிலிருந்து இறங்கிய அன்று
யாரிடமாவது வழி கேட்டிருப்பான்.
கேட்டவன் நேரே, நேரே என்றிருப்பான்.

ஒரு பூ விழுந்தது. எடுக்கவில்லை.

படகுத் துறைக்கு வருவதற்குள்
குதிகாலில் கொப்புளம்.
ஆ செங் கூப்பிட்டான்.
கியர் பாக்ஸ் நாளை வராதாம், நாளன்றைக்காம்.
சொல்லிவிட்டு
என் வசவுக்காகக் காத்திருந்தான், பாவம்.
அலை தூணில் மோதுவதைக் கேட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆ செங்,
உங்கள் பக்கம்
நல்ல செருப்பு எங்கே கிடைக்கும்?