கிழக்கு என்றால் கீழ்

வடசேரி பஸ் ஸ்டாண்டில்
எந்த வாசலில் வெளியே வந்தாலும் எனக்குத் திசை தப்பும்.
ஆட்டோக்காரர்களுக்கு என்னைத் தெரியும்.
கிணற்றுக்குள் நாடாவை இறக்கிவிட்டால் மட்டும்
நான் தொலைவதில்லை.

காஞ்சிரவிளையில் தாசையனின் கிணறு
பெட்ரோல் மணக்கிறது என்று மனு.
அவர் வீடு மேட்டில், ரப்பர் தோட்டத்து ஓரம்.
பங்க் பள்ளத்தில், ரோட்டை ஒட்டி, மேற்கே.
"சோர்ந்ததுன்னே வச்சுக்கிடுவோம்.
எண்ணெ மேட்டுக்கு ஏறிப் போவுமா மேடம்?"
சாயா வாங்கித் தந்து கேட்டார் ஞானசிகாமணி.
நியாயமான கேள்வி.
சாயாவும் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே ஊர்ப்பெயரே பாதி வரைபடம்.
விளை என்றால் மேடு, ஏலா என்றால் தாழ்வு,
பொற்றையில் பாறை தலைகாட்டும்.
மழை எங்கிருந்து எங்கே ஓடும் என்பதை
யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

திசைச் சொற்கள்தான் இடறுகின்றன.
கீழ் என்பதிலிருந்து கிழக்கு,
மேல் என்பதிலிருந்து மேற்கு.
அவற்றை உண்டாக்கியவர்கள்
மலைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும்,
நிலம் கிழக்கே சரிந்து கடலில் இறங்குவதைப் பார்த்தபடி.
எங்களுக்கோ கிழக்கே மலை, மேற்கே கடல்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்றை எதிர்த்து ஏறிவந்த சொல்
வந்த இடத்தில் தலைகீழாக நிற்கிறது.
கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று கிணறுகள் போதும்.
தாசையன் கிணற்றின் வாய்
கடல்மட்டத்துக்கு மேல் முப்பத்தொன்றரை மீட்டர்;
ஒன்பது மீட்டர் கீழே வெள்ளம்.
வடக்கே மைதீன் பிச்சை வீட்டில் முப்பத்துநாலு; பத்து.
ரோட்டுக்கு மேற்கே பகவதியப்பன் கிணறு, மணமில்லாதது:
இருபத்தொன்பதரை; வெறும் நாலரை.
கழித்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டரை. இருபத்துநாலு. இருபத்தைந்து.
மறுபடியும் கழித்தேன்.
வாய் தாழ்ந்த கிணற்றில்தான்
வெள்ளம் உயரத்தில் நிற்கிறது.

ஜீப் பானெட்டில் வரைதாளை விரித்தேன்.
இருபத்தைந்திலிருந்து இருபத்திரண்டரைக்கு ஒரு கோடு,
அதில் ஐந்தில் இரண்டு பங்கு தள்ளி ஒரு புள்ளி,
புள்ளியிலிருந்து மைதீன் பிச்சையின் கிணற்றுக்கு இன்னொரு கோடு,
அதற்குச் செங்குத்தாக அம்பு.
அம்பு கிழக்கே போனது.
மேட்டைப் பார்த்து.

செம்மண்ணுக்கு அடியில் துருக்கல்,
துருக்கல்லுக்கு அடியில் வெள்ளைக்களி.
அந்தக் களி மேலே கிடக்கும் விளையைப் பார்த்ததே இல்லை.
தன் போக்கில் எதிர்ப்புறம் சரிந்து படுத்திருக்கிறது,
அதன் முதுகில் வெள்ளம் கிழக்கே இறங்குகிறது.
தரையில் பொய்யாகிப்போன சொல்
ஒன்பது மீட்டர் ஆழத்தில் மெய்யாக இருந்தது.
சிரிப்பு வந்தது.
யாரிடம் சொல்ல?

ஞானசிகாமணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பென்சிலை வைத்துவிட்டு
ஒரு கையை மேற்கே சரித்தேன்: "இது நீங்க நடக்குற தரை."
அதற்குக் கீழே மறு கையைக் கிழக்கே சரித்தேன்.
"இது வெள்ளம் நடக்குற தரை."
அவர் என் கைகளைப் பார்க்கவில்லை,
கைகளுக்கு நடுவே பார்த்தார்.
அங்கே அவருடைய டேங்க் இருந்தது.
"வெல்டிங்குக்கு ஆள் சொல்லணும்" என்றார்,
என்னிடம் அல்ல.

அம்பு தாசையன் வீட்டோடு நின்றுவிடாது.
உறுதியில்லாத கோட்டை
நாங்கள் விட்டு விட்டுத்தான் வரைவோம்.
விட்டு விட்டு நீட்டினேன்.
ரப்பர் தோட்டம் தாண்டி, வேலி தாண்டி,
தாளில் வெறும் வெள்ளை.
நாளுக்கு ஒரு சாண் என்று வைத்தால்
அறுபது மீட்டருக்கு ஒன்பது மாதம்.
மணம் தாசையனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

நடந்து போனேன்.
ஓட்டு வீடு, பாசி பிடித்த சுற்றுச்சுவர்,
எந்த மனுவிலும் இல்லாத கிணறு.
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி
கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள்.
"எங்க கெணறு நல்ல வெள்ளமாக்கும்" என்றாள்,
நான் கேட்பதற்கு முன்பே.
என் இடது கை
இன்னும் கிழக்கே சரிந்திருந்தது.
வாளி பாதி தூரம் ஏறியிருந்தது.