தேறும

பெயரைச் சொல்லுங்கோ, எழுத்தெழுத்தாய்.
எந்த மொழியில் போட வேணும்?
வயது கிறீமிலா, மெழுகுதிரியிலா?
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நான் கேட்கும் கேள்விகள் மூன்று.
நாலாவதை முதலாளி இல்லாத நேரத்தில் கேட்பேன்:
அந்தப் பெயருக்கு என்ன கருத்து?

திருமலை, ஏகாம்பரம் வீதி, பேக்கரி.
பதினோரு வருடமாய்க் கேக்கில் பெயர் எழுதுகிறேன்.
எழுதிய பெயர்கள் அன்றிரவே வெட்டுப்பட்டு
தட்டில் கொஞ்சம் ரோஸ் நிறமாய் மிஞ்சும்.
கருத்துகளை மட்டும்
ஓடர் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.

உவர்மலையில் நித்திலா. முத்து, என்றார் தகப்பன்,
தமிழ் வாத்தியார்; கேட்காத சந்திக்கும் விளக்கம் சொன்னார்.
ஜமாலியாவில் லூலூவா. அதுவும் முத்துத்தான், அரபியில்;
தங்கை மர்ஜானா, பவளம்.
ஒரே கிழமை இரண்டு கேக், கழிவு கேட்டார்கள்.
அபயபுரவில் முத்துமாலி. அது எனக்கே விளங்கியது.
பாலையூற்றில் ரீட்டா, எழுபது வயது,
தன் கேக்குக்குத் தானே ஓடர் கொடுத்தாள்.
மார்கரீட்டாவின் வால் பிள்ளை நான், என்றாள்.
முழுப்பெயர் கிரேக்கத்து முத்து,
வால் மட்டும் போர்த்துக்கேயக் கப்பலில் தப்பி வந்தது.

ஒரே மாதத்தில்
ஒரே முத்தை நாலு தரம் எழுதியிருக்கிறேன்.
நாலுக்கும் நாலு விலை.
கடலுக்கு இது தெரியுமா என்று
கடை பூட்டிப் போகையில் டச் பே பக்கம் எட்டிப் பார்த்தேன்.
ஒரு மான் ஐஸ்கிறீம் கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது.

என் பெயரை இன்னும் சொல்லவில்லை.
நயோஜினி.
அப்பா நடேசபிள்ளையின் ந, அம்மா யோகராணியின் யோ,
மிச்சத்தை எண்சாத்திரக்காரர் போட்டார்.
ஆங்கிலத்தில் கூட்டினால் ஐந்து வரவேணுமாம்.
வந்தது. வேறொன்றும் வரவில்லை.
பள்ளிக்கூட அகராதியில் தேடினேன்:
நயனத்துக்கும் நரகத்துக்கும் நடுவில்
நான் இருந்திருக்க வேண்டும்.
வகுப்பில் எல்லாரும் எழும்பித் தங்கள் கருத்தைச் சொன்னார்கள்.
ஐந்து, என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

போன வெள்ளி ஒருத்தி வந்தாள், கந்தளாய்க்காரி,
தோளில் பிள்ளை, முதல் பிறந்தநாள்.
என்ன பெயர் என்றேன், அவளுடைய சிங்களத்தில்.
சொன்னாள்.
கூப்பிடுகிறாளென்று நினைத்து, என்ன, என்றேன்.
மறுபடி சொன்னாள், பிள்ளையின் முதுகில் தட்டி.

பிறகு பணப்பையிலிருந்து பழைய பில் ஒன்றை எடுத்தாள்.
பாணும் மாலுபாணும் மங்கிப் போய்,
அடியில் ஆங்கிலத்தில்: பில் போட்டவர், நயோஜினி.
வயிற்றில் இவள் இருக்கும்போது
பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாளாம்,
வாய்க்கு நல்லாயிருந்ததாம்.

தேறும மொகக்த? என்று கேட்டாள்.
தேறும என்றால் அவர்களுக்குக் கருத்து.
ஒரு புள்ளி வைத்தால் என் மொழியில் தேறும்;
காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து,
சோதனையில் பெயிலான பிள்ளையைப் பார்த்து
வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற சொல்.

பதினோரு வருடமாய் ஊரெல்லாம் கேட்ட கேள்வி
கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது.
முத்து, என்று சொல்லியிருக்கலாம்.
யார் உரசிப் பார்க்கப் போகிறார்கள்?
தெரியாது, என்றேன்.
அவள் பெரிதாய் யோசிக்கவில்லை.
எங்கள் வீட்டில் அப்படியென்றால் இவள்தான், என்றாள்.

சிங்களத்தில் எழுதக் கேட்டாள்.
யோவுக்கு இரண்டு மொழியிலும்
முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால்.
எனக்குக் கை நடுங்காது, அன்றைக்கு நடுங்கியது.
வழிந்த காலைக் கத்தியால் வழித்து
நாக்கில் வைத்துக்கொண்டு
திரும்பப் போட்டேன்.

கொப்பியின் பின்பக்கம், கடைசி வரி:
நயோஜினி. கந்தளாயில் ஒரு பிள்ளை. பல் நாலு.