வண்டியைத்தான் வித்தாங்க

ஆவடி ஏலத்தில் எடுத்தேன்,
சீட்டுப் பணம் மொத்தமும் போட்டு.
சாவி எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.
ஜோங்காவுக்குச் சாவியே கிடையாதாம்.

மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்குப் பின்னால்
அந்துவான் பட்டறை.
ஒருமுறை சுற்றி வந்தான்.
வண்டித் தரையைச் சுத்தியலால் தட்டினான்.
சுத்தியல் உள்ளே இறங்கி மண்ணைத் தொட்டது.
"நம்ம உப்புக்காத்துக்கு
ஒண்ணும் மிச்சம் வைக்கலண்ணே."

எட்டு மாதம்.
ஜலந்தரிலிருந்து கார்புரேட்டர் வந்தது, தப்பு.
இன்னொன்று வந்தது,
அதுவும் தப்பு, ஆனால் பொருந்தியது.

உப்புத்தாள் போடப் போட
பச்சைக்குக் கீழே மணல் நிறம்,
மணலுக்குக் கீழே மறுபடி பச்சை,
அதற்கும் கீழே, பின்பக்கத் தகட்டில்
சிவப்புச் சிலுவையின் ஒரு கை.
அந்துவான் நிறுத்தினான்.
டீ குடித்துவிட்டு வந்து
மிச்சத்தையும் தேய்த்தான்.

அந்த அடிப்பச்சையையே அடிக்கச் சொன்னேன்.
ஏழு தடவை கலக்கி
என் கண்ணுக்கு ஒத்துவந்த வாரம்
ஆர்.டி.ஓ. ஆபீசில் தலையாட்டினார்கள்:
இந்தப் பச்சை மிலிட்டரிக்கு மட்டும்.
மிலிட்டரிகிட்டதானே வாங்கினேன்?
"வண்டியைத்தான் வித்தாங்க சார்.
கலரை விக்கல."

இப்போது சாம்பல்.
மழைக்கு முந்தின வீராம்பட்டினம் கடல் நிறம்
என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்.
அந்துவானிடம் மிஞ்சிக் கிடந்த டப்பா அதுதான்.

லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்.
முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் விலை வேறு;
எல்லைவரை போய்த் திரும்புகிறோம்.
வழியில் சூடேறும்.
பானெட்டைத் தூக்குவேன்.

உள்பக்கம் பச்சை.
இன்ஸ்பெக்டர் தூக்கச் சொல்லவில்லை.
நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.