கட்டாமல் விட்டது

துறைமுகத்தில் எனக்கு லாஷிங் வேலை.
பெட்டி மேல் பெட்டியாய் நிற்கிற இரும்பை
இன்னும் கொஞ்சம் இரும்பால் இறுக்குவது.
கம்பியைக் கோத்து, திருகைத் திருப்பி,
கடைசியில் ஒரு உதை உதைத்துப் பார்ப்போம்.
அசையாவிட்டால் கையெழுத்து.
அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.
பதினொரு வருடமாய் எனக்குத் தெரிந்த பத்திரம் அவ்வளவுதான்:
ஆடுகிறதை ஆட விடாதே.

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள்
நர்சக்கா குணவதி மூன்று மாடி ஏறி வந்தாள்.
லிஃப்ட் வருமென்று எழுதிய பலகை மட்டும்
எங்கள் பிளாக்கில் உண்டு.
தண்ணீர் குடித்தாள். எடை பார்த்தாள்.
இரண்டு கிலோ எண்ணூறு.
பிறகு படுக்கையைப் பார்த்தாள்.

நான் கட்டிவைத்த படுக்கை அது.
இந்தப் பக்கம் தலையணை, அந்தப் பக்கம் தலையணை,
கால்மாட்டில் சுருட்டிய போர்வை,
தலைக்கடியில் கடுகு அடைத்த குட்டித் தலையணை.
உருளாமல், சரியாமல்,
நடுவில் சரக்கு.

ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
"இது வேணாம். இதுவும்.
இத யாரு குடுத்தா? இதுவும் வேணாம்.
மல்லாக்கப் படுக்க வை.
முகத்துக்குக் கிட்ட துணி எதுவும் கூடாது.
அதே ரூம்ல இருங்க, ஒரே படுக்கையில வேணாம்.
நீ பீடி பிடிப்பியா?"
நான் செலினைப் பார்த்தேன்.
செலின் சுவரைப் பார்த்தாள்.

அவள் போனபின் நின்று பார்த்தோம்.
கெட்டியாய் ஒரு மெத்தை,
இழுத்துச் செருகிய விரிப்பு, அதன்மேல் மகள்.
வேறு ஒன்றுமில்லை.
கட்டாத பெட்டியைக் கடலுக்கு அனுப்பியதுபோல்
வயிற்றைக் கலக்கியது எனக்கு.

கடுகுத் தலையணை இரண்டாம் மாடி அமுதவல்லி தந்தது.
தலை உருண்டையாய் வருமென்று அவளே தைத்தது.
மூலையில் சிவப்பு நூலில் ஒரு மீன்.
எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் ஒத்திப்போட்டோம்.
நாலாம் நாள் அவளே வந்துவிட்டாள்.
"இன்னாடி, கொயந்தய மொட்டையா போட்டு வெச்சிக்கீறே?"
செலின் சொன்னாள், நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும்,
கடன் கேட்பவள்போல, மெதுவாய்.

அமுதவல்லி வெகுநேரம் பேசவில்லை.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.
"எம் பெரியவன் குப்புறத்தான் படுப்பான்" என்றாள்.
அவளுக்குப் பெரியவன் ஒருவன் இருந்ததே
எங்களுக்குத் தெரியாது.
"ராத்திரி பால் குடுத்துப் போட்டேன்.
காலீல எயுந்துக்கல.
இன்னாத்தாலேன்னு ஆஸ்பத்திரியிலயும் தெரியலன்னுட்டாங்க.
எனுக்கு அப்ப யாரும் இதெல்லாம் சொல்லலியே."

தலையணையைக் கேட்டு வாங்கினாள்.
மீன் இருந்த மூலையில் நூலைப் பல்லால் கடித்தாள்.
கடுகு தட்டில் இறங்கி,
தட்டைத் தாண்டி,
பீரோவுக்கு அடியில் ஓடியது.
"தாளிக்க ஆவும்" என்று தட்டை
செலின் கையில் வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

நைட் ஷிப்ட் முடிந்து விடியுமுன் வருகிறேன்.
குளித்து, சட்டை மாற்றி, பக்கத்தில் உட்கார்கிறேன்.
பீடியை விட்டுப் பன்னிரண்டு நாள்,
நடுவில் ஒன்றைத் தவிர.
கரண்ட் இல்லை.
வலைக்குள் மல்லாந்து கிடக்கிறாள்,
இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தவள்போல.
லாரி இரைச்சலில் மூச்சு கேட்பதில்லை.
உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குக் காற்று தெரியாது.
புறங்கையை மூக்கருகில் கொண்டுபோகிறேன்.

ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்றுமில்லை.

பிறகு வருகிறது
சூடாய், ஈரமாய்,
கடுகளவு.

காலை உதறுகிறாள்.
இங்கே அசைந்தால்தான் கையெழுத்து.

எழும்போது குதிகாலில் ஏதோ உறுத்துகிறது.
எடுத்துப் பார்க்காமலே தெரிகிறது.
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.
நாளைக்கு பீரோவை நகர்த்திப் பெருக்க வேண்டும்.
இன்னும் சில மாதத்தில் தவழ்வாள்.