நாக்கின் கீழ்

விடியப்புறம் நாலேகால்.
பஸ் நிலையத்தடியில் ஓட்டோ நின்றது
ஒரு மானுக்காக.
எங்கட ஊர் மான்கள் அவசரப்படுவதில்லை,
நீதவான் போல வீதியைக் கடக்கும்.

இவர் என் தோளில் சாய்ந்து
"மா மூட்டை ஒண்டு ஏறி இருக்கிற மாதிரி" என்றார்.
முப்பது வருசம் பிறிமாவில்
மூட்டைக் கணக்கு எழுதினவர்,
ஒன்றும் தூக்கினவரில்லை.

அவசரப் பிரிவில் மாத்தறைப் பொடியன் டொக்டர்,
வார்ட்டில் பொறுக்கிச் சேர்த்த தமிழ்:
"ஐயா குளிசை என்ன என்ன எடுக்கிற?"
பிரசருக்கு ஒண்டு.
"வேற?"
சலம் போறதுக்கு ஒண்டு, படுக்கேக்க.
"வேற?"
இவர் மின்விசிறியைப் பார்த்தார்.
அது ஓடவில்லை.

தாதி ஹிதாயாவின் உள்ளங்கையில்
நாக்குக்குக் கீழே வைக்கிற சின்னக் குளிசை
தயாராய் இருந்தது.
அடுத்த கட்டிலில் கோயில் சபைப் பொருளாளர்
சேலைன் ஏறியபடி,
காது மட்டும் நல்ல சுகத்தோடு.

டொக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.
ஹிதாயா குனிந்து சொன்னாள்:
"அண்ணே, வெக்கப்படாதீங்க.
ஆம்புளையளுக்கெண்டு விக்கிற நீலக் குளிசை,
அது உள்ள இருக்கேக்க இதை வெச்சா
பிரசர் விழுந்திடும்.
கயிறு இல்லாத வாளி
கிணத்துக்குள்ள போற மாதிரி."

"இல்லை" என்றார் இவர்.

பதினொரு மாதம்
ஒரே அறையில் இரண்டு வாடகைக்காரர் போலக் கிடந்தோம்.
பிறகு அவர் சவரப் பெட்டியில்
வெள்ளித் தாளில் நாலு குழி கண்டேன்,
ஒன்று கிழிந்து.
அன்றிலிருந்து அரிசி அளக்கிறதுபோல
அதையும் எண்ணி வந்தேன்.
குசினிக்குள் எனக்கு முதுகு காட்டி
தண்ணீர் குடிக்கும் மனிசனிடம்
எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

"நேற்று ராத்திரி பத்தரைக்கு, டொக்டர்.
அம்பது. முழுசா.
முந்தி ரெண்டு தரம் பாதி."

இவர் கண்ணை மூடினார்.
பொருளாளர் இருமினார்.
ஹிதாயா குளிசையைத் திருப்பிப் போட்டு
போத்தல் மூடியைத் திருகிய சத்தம்
இப்பவும் கேட்கிறது எனக்கு.

வேறு மருந்து கொடுத்தார்கள்,
வயர் ஒட்டினார்கள், காகிதம் ஓடியது.
"இருபத்து நாலு மணித்தியாலம் இது குடுக்கேலாது.
சில குளிசைக்கு ரெண்டு நாள்.
நீங்க சொன்னது நல்லம்" என்றார் டொக்டர்.
அந்தப் பத்தரை மணியில்
நான் சந்தோசமாய் இருந்தேன் என்பதை
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், கஞ்சி குடித்தபடி இவர் சொன்னார்:
துண்டு இல்லாமல்
ஜெட்டியடியில் ஒருத்தனிடம் வாங்கினதாம்.
பெட்டிக்குள் மடித்த தாள் இருந்ததாம்.
பாதி வாசித்துப் பயந்து
பஸ் நிலையத்தில் எறிய
மான் ஒன்று தின்றுவிட்டதாம்.

அப்படியென்றால் அந்த மானுக்கு எல்லாம் தெரியும்:
நெஞ்சுநோக்காரர் முதலில் வைத்தியரைக் கேட்கவேணும் என்பது,
சலக் குளிசையோடு சேர்ந்தால்
எழும்பேக்க தலைசுற்றி விழலாம் என்பது,
பூஞ்சணத்துக்கு எடுக்கிற சில மருந்து
இதை உடம்பில் தேக்கி வைக்கும் என்பது,
நாலு மணித்தியாலமாகியும் தணியாவிட்டால்,
ஒரு கண் சட்டென்று மங்கினால்,
உடனே ஓடவேணும் என்பது.
தின்றுவிட்டு
கோட்டைப் பக்கம் நடந்திருக்கும்,
ஒருவருக்கும் சொல்லாமல்,
இவரைப்போல.

வீடு போகிற அன்று கிளினிக் கொப்பியை
என்னிடம் தந்தார் ஹிதாயா,
எடுத்த மருந்தெல்லாம் எழுதச் சொல்லி.
பிரசர்க் குளிசை எழுதினேன்.
சலக் குளிசை எழுதினேன்.
"மற்றதைச் சின்னனா எழுதப்பா" என்றார்.

குலநாயகம், வயது அறுபத்தொன்று, உப்புவெளி.
மற்றதையும்
அதே அளவு எழுத்தில்தான் எழுதினேன்.
பேனை கொஞ்சம் அழுத்திவிட்டது,
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.