நாற்பத்தோராம் கேள்வி

நாற்பது கேள்வி வரைக்கும் என் விரல்கள்
ஒழுங்காகத்தான் ஓடின.
என்ன நிற உடுப்பு, எத்தனை மணி, எந்தக் கதவு,
கூக்குரலிட்டீரா, எத்தனை தரம்.
மின்விசிறி ஆளுக்குக் காற்றுத் தராமல்
தாள்களை மட்டும் தூக்கிப் பார்த்தது.

பிறகு அருட்பிரகாசம் சேர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதினெட்டு வருசமாக அவர் பேச்சைத் தட்டச்சு செய்கிறேன்,
கண்ணாடி கழன்றால் என்ன வரும் என்று தெரியும்.

"அதற்கு முந்திய வருடம், மாசி மாதம்,
பண்ணைக் கடற்கரையில், ஒரு குடைக்குள்,
துவாரகன் என்பவரோடு நீர் இருந்தது உண்மைதானே?"

அரச சட்டத்தரணி எழும்ப முதல்
நீதிபதியே கையை உயர்த்தினார்.
இந்த மன்றில் அதற்கு இடமில்லை.
பதிவிலிருந்து நீக்குக.

அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்,
பெயர் எழுதப்படாத முதலாம் சாட்சி,
கூண்டின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி:

"ஓம் ஐயா, இருந்தனான்.
கையைப் பிடிக்கட்டோ எண்டு அவன் கேட்டவன்.
யோசிச்சுப்போட்டு ஓம் எண்டனான்.
கேட்கிறது எப்பிடி இருக்குமெண்டு
அதாலதான் எனக்குத் தெரியும்."

எதிரி தன் சப்பாத்தைப் பார்த்தான்.

நீக்குக என்றால் இரண்டையும்தான்.
அழிக்கும் விசை பின்னாலிருந்துதான் தின்னும்.
முதலில் போனது அவளுடைய 'தெரியும்',
பிறகு அவளுடைய 'ஓம்',
கடைசியில்தான் குடை.

சட்டம் சரி. நீதிபதி சரி.
எத்தனை பெண்கள் இதே கூண்டில்
குடைகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே
கதவை மறந்து வீட்டுக்குப் போனார்கள்!
நான்தான் அச்செடுத்து, நூல் கோத்துக் கட்டினேன்.
மேல்மாடி அறையில் அந்தக் கட்டுகளைக்
கறையான்கூடத் தொடவில்லை.
ஆக, இன்றைக்கு நல்ல நாள்.
அப்படித்தான் நினைக்க வேணும்.

வேலணை பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறுகிறது.
சோளகம் அள்ளிக் கொட்டுகிறது.
கரையில் ஒரு குடை கம்பி வளைந்து மறுபுறம் பிரள
உள்ளிருந்த இருவரும் வெளியே வந்து சிரிக்கிறார்கள்.

கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம்.
கேட்கிறது
எப்பிடி இருக்கும்?

மடியில் கைப்பை. அதன் தோலில்
விரல்கள் தாங்களாகவே அடிக்கின்றன,
கையைப் பிடிக்கட்டோ எண்டு அவன்

கொண்டக்டர் பெடியன் இரண்டாம் தரம் கேட்கிறான்:
"அக்கா, எங்க இறக்கம்?"